காது மெஷின்காரம்மா

அக்கம்பக்கத்தில் அவளுக்குக் காது மெஷின்காரம்மா என்றுதான் பெயர். மெஷினைச் செய்வது கணவர். வாங்கியவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய், பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வது அவள். அதற்குத் தனிக் காசு கிடையாது.

வெளிநாட்டில் விற்கும் ஆசை வந்ததும், அந்தப் பழக்கத்துக்குத்தான் முதலில் கத்தரி விழுந்தது.

"உன் வாயைப் பெட்டியில போட்டு அனுப்ப முடியுமா? மெஷின் நல்லா இருந்தா தானா விக்கும்" என்றார் கணவர்.

நியாயமான கேள்விதான். அவளும் வீடு வீடாகப் போவதை விட்டுவிட்டுப் பெட்டி கட்ட உட்கார்ந்தாள்.

போன பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தால் ஒன்றிலும் பழுதில்லை.

"அப்புறம் என்னதான் கேடு இந்த ஜனங்களுக்கு?" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். வருடம் முடிவதற்குள் கம்பெனி படுத்துவிட்டது.

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அவள் ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் போனாள். ரிட்டையர் ஆன தபால்காரர். கதவைத் திறந்தது அவருடைய மருமகள்.

"மாமா தவறி ரெண்டு மாசமாச்சுக்கா" என்றவள், உள்ளே போய் மெஷினை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

"கடைசிவரைக்கும் போட்டுக்கிட்டாராம்மா?"

"எங்கேக்கா போட்டார்? நாங்க எல்லாரும் ஆபீஸ், ஸ்கூல்னு ஓடிடுவோம். ஃபேன் சத்தத்தைக் கேக்கறதுக்கா இதுன்னு கழட்டி வச்சுட்டார். வியாழக்கிழமை மட்டும் புது பேட்டரி போட்டு மாட்டிக்கிட்டு, வாசலையே பாத்துக்கிட்டு இருப்பார். அன்னிக்குத்தானே நீங்க வருவீங்க."