என் காது இரைச்சலுக்கு அம்மன் சொன்ன பதில்

என் வலது காதில் இரைச்சல் தொடங்கியது 1978 வைகாசியில். பெரம்பலூருக்குக் கிழக்கே எங்கள் கொல்லையில் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தார்கள். திரி கொளுத்தியது தெரியாமல் சோற்றுக்கூடையோடு கிணற்று மேட்டுக்குப் போய்விட்டேன். வெடிச்சத்தம் அன்றோடு முடிந்தது. அதன்பின் காதுக்குள் புகுந்த கீச்சொலி முடியவில்லை.

சத்தம் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். பல்லைக் கடித்தால் அது ஏறும். கழுத்தைத் திருப்பினால் வேறு சுருதிக்கு மாறும். முகம் கழுவும்போது கன்னத்தில் தண்ணீர் பட்டாலே காதுக்குள் ஏதோ துடிக்கும். எவர்சில்வர் தட்டைக் கீழே வைத்தால் ஊசி குத்தியது போல வலிக்கும். வெறும் தரையில் நின்றாலும் ஓடும் பஸ்ஸில் நிற்பது போல உள்ளங்கால் அதிரும். செத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

திருச்சியில் காது டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி என் கணவரிடம் கெஞ்சினேன். குறுக்கே வந்தவர் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி.

"அது நோவு இல்லடா தம்பி. அம்மா சிலம்புச் சத்தம். ஒம் பொண்டாட்டி தனத்துக்கிட்ட வந்து நிக்கிறா. அங்க போயி மருந்து ஊத்துனா தெய்வக் குத்தம் ஆயிடும்."

என் கணவர் நம்பினார். ஊரும் நம்பியது. மாட்டைத் தொலைத்த ஒருவர் வாசலில் வந்து கைகட்டி நின்றார்.

"எம்மாடு எந்தப் பக்கம் போச்சுன்னு கேட்டுச் சொல்லு தாயி."

"உங்க மாடு எங் காதுக்குள்ள வந்து கத்துனாலும் எனக்குச் சரியாக் கேக்காதுங்க. போயி ஏரிக்கரையில தேடுங்க."

மாடு ஏரிக்கரையில்தான் இருந்தது. அதன்பிறகு நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. நூலகத்துப் புத்தகத்தில் காது நரம்பைப் பற்றி இருந்ததைப் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். என் தலைக்குள் நடப்பதை எனக்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

1979 ஆடியில் அண்ணி ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை என்னைச் சிறுவாச்சூர் காளியிடம் கூட்டிப் போவது. உடுக்கை அடிக்கும்போது எனக்கு அருள் வரும். பிறகு வீட்டிலேயே குறி சொல்ல உட்கார வைப்பது. அப்படி ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எனக்கு டாக்டரே கிடையாது.

அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மாவிளக்குக்கு அரிசியை அங்கேயே ஊறவைத்து அங்கேயே இடிப்பது வழக்கம். உலக்கையை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் காளியைத் திட்டினேன். 'என் காதில் இருப்பது நீயா? நீதான் என்றால் உன் வாசலிலாவது பேசு. நீ இல்லை என்றால் இதை அடக்கு. உன் பெயரைச் சொல்லி என்னை வதைக்கிறார்கள், பார்த்துக்கொண்டா இருக்கிறாய்?' பிரார்த்தனை என்றால் அதுதான் என் பிரார்த்தனை.

உடுக்கை முழங்கியது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உடுக்கை ஓய்ந்தது. பக்கத்தில் நின்றவளின் வளையல் உரசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வேறு சத்தமே இல்லை.

"வந்துட்டா பாரு. ஆடுடி, ஏன் அடக்குற?" என்றார் அண்ணி.

"வரல அண்ணி. நின்னு போச்சு."

"என்னது?"

"காதுல இருந்த சத்தம். அது அம்மா சிலம்புன்னா அவ சன்னதியிலதான அதிகமாக் கேக்கணும்? இங்க வந்து ஏன் அடங்கிப் போச்சு?"

தேங்காய்த் தட்டோடு நின்ற என் கணவர் அம்மனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போதும் அக்கா. திங்கக்கெழம இவள நான் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

திரும்பும் பஸ்ஸில் இரைச்சல் மீண்டும் வந்துவிட்டது. நான் அழவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நரம்பு கெட்டுவிட்டது. வெடித்த உடனே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம். இனி முழு அமைதியைத் தேடாதே, படுக்கும்போது மின்விசிறியோ ரேடியோவோ மெல்ல ஓடட்டும் என்றார். அப்படித்தான் தூங்குகிறேன். 1986-இல் இதை எழுதும்போதும் இரைச்சல் இருக்கிறது. ஆனால் சாப்பிடுகிறேன், படிக்கிறேன், என் வாசலில் யாரும் குறி கேட்டு நிற்பதில்லை. சாக நினைத்தவளுக்கு இது சிறிய வரமில்லை.

அண்ணியை இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் அம்மனிடம் சொல்லிவிட்டேன்.

என்னைப் போலத் தவிப்பவர்கள் டாக்டரிடம் போங்கள். அவளிடமும் போங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள். நான் திட்டினேன். அவள் என் பக்கம் நின்றாள்.