பதினேழாம் நம்பர் வீட்டுப் பாட்டு

மூன்று கம்பி மட்டுமே மிஞ்சியிருந்த கிதார் அது. பெருந்தொற்று ஓய்ந்த மறு வருடம், பீடோங்கில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கி, முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குக் கொண்டுவந்தான் என் சின்னம்மா மகன். ஒருநாளும் அதைச் சுருதி சேர்த்து நான் பார்த்ததில்லை. வறவறவென்று இழுத்துக்கொண்டே ராப் சொல்வான். "ராப்புல சொல்ல வேண்டியதச் சொல்லிறலாம், அண்ணே. ஆனா கேக்கறவனுக்குப் புடிக்கணும்னு நெனச்சுட்டா கெட்டுச்சு. அதுக்குத்தான் பங்க் வேணும்லா" என்பான். வேலையில்லாத வெள்ளைக்காரப் பையன்களின் ஆத்திரம் என்றுதான் பங்க் இசையைப் பற்றி நான் படித்திருந்தேன். அது புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் குடும்பத்திலேயே முளைக்கும் என்று நினைத்ததில்லை.

தோட்டம் கைமாறியதும் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சின்னம்மாவுடையது பதினேழாம் நம்பர். சித்தப்பா இறந்ததும் தம்பி வளர்ந்ததும் அங்கேதான். மாற்று வீடு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தீபாவளிக்குத் தோட்டத்தில் மேடை போட்டு ஊருக்கே விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஒய்பி, அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினர், வருகிறார் என்று தெரிந்ததும் தம்பி ஒரு பாட்டைக் கட்டினான். "பதினேழு! பதினேழு! எங்கடா போறது?" என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்துவது, பதில் வாங்காமல் விடுவதில்லை என்பது திட்டம். தோட்டத்து ஜனமும் கூடவே எழுந்து நிற்கவேண்டும் என்று ஓர் உறுமி மேளக்காரரையும் சேர்த்துக்கொண்டான்.

ஜனம் எழுந்தது. எழுந்து ஆடியது. உறுமி அடித்தால் எங்கள் கால்கள் வேறென்ன செய்யும்? தம்பி தொண்டை கிழியக் கத்தக் கத்த ஆட்டம் கூடியது. உறுப்பினரும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையேறி இரண்டு சுற்று ஆடினார்.

"சூப்பர்லா தம்பி! பொங்கலுக்கும் நீதான்!"

"ஒய்பி, அந்தப் பதினேழு எங்க வீடு. ஒடைக்கப் போறாங்க."

"அதாம்ப்பா, நம்ம ஊரு வாசம் இருக்கு பாட்டுல" என்று தோளில் தட்டிவிட்டு செல்ஃபிக்குச் சிரித்தார்.

மார்கழியில், ஒரு புதன்கிழமை காலை வீட்டை இடித்தார்கள். நாங்கள் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. யாரோ எடுத்த அந்த மேடைக் காணொளி மட்டும் ஊர் ஊராகப் போனது. யாருக்கும் பிடிக்கக்கூடாது என்று அவன் செய்தது எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

சின்னம்மா இப்போது பீடோங்கில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். தம்பிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. போன மாதம் லூனாஸில் ஒரு கல்யாண விருந்தில் நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டைப் போட்டார்கள். பிள்ளைகள் கையை உயர்த்திக் குதித்தார்கள். சின்னம்மா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நம்ம வீட்டத்தான் சொல்றாங்களா?"

"ஆமா, சின்னம்மா."

பாட்டுக்காரர் இங்கேயே இருக்கிறார் என்று யாரோ கத்த, தம்பியை இழுத்துக்கொண்டுபோய்க் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவன் ஒரு கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். ஏதோ சொல்லத் தொடங்கினான். கை உயர்ந்ததைப் பார்த்ததும் கூட்டம் இன்னும் ஓங்கிக் கத்தியது.

நான் அதைக் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறேன். பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். அவன் உதடு அசைகிறது. கேட்பதெல்லாம் அவர்கள் குரல்தான்.