உதட்டோரத்து வெள்ளை

தாம்பரம் கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். எதிர்ச் சுவரில் மூன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். மூன்று குடும்பங்கள், மூன்று முகங்கள், சட்டை மட்டும் ஒன்றேதான். அதே வெள்ளை, அதே காலர், இடது தோளில் அதே சுருக்கம். மூன்று பேரும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு செத்துப்போனதுபோல இருந்தது. சிரித்துவிட்டேன். பஸ் வந்தது, ஏறவில்லை. போனை எடுத்து மூன்றையும் படம் பிடித்தேன்.

அப்போது பொத்தேரி பக்கத்து கல்லூரி ஒன்றில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு. படங்கள் எப்படிப் பேசுகின்றன, யாரை உயர்த்துகின்றன, யாரை மறைக்கின்றன என்று வகுப்பில் நாள் முழுக்கப் பேசுவோம். பாடப் படங்களெல்லாம் எங்கோ வெளிநாட்டுத் தெருக்கள். இதோ, என் பஸ் நிறுத்தத்திலேயே ஒரு பாடம். அன்று மாலையே செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனை ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் நின்றேன்.

"அண்ணா, செத்தவங்க எல்லாருக்கும் ஏன் ஒரே சட்டை?"

கடைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வூட்ல இன்னா போட்டோ குடுக்கறாங்கன்னு தெரியுமா உனக்கு? யாரோ கல்யாணத்துல ஓரமா நின்னுகினு இருப்பாரு. லுங்கியோட இருப்பாரு. தலைய மட்டும் வெட்டி எடுத்து ஒரு சட்டைய மாட்டி உடணும். கடைசியா ஒரு தபா நல்லா இருந்துட்டுப் போட்டுமே, உனக்கு இன்னா பேஜாரு?"

"கலரையும் ஏத்துறீங்களே?"

"நாங்க எங்க ஏத்துறோம்? அவங்க சொல்றாங்க."

எல்லாவற்றையும் எழுதினேன். 'இறந்த பிறகும் சிவப்பாக வேண்டியிருக்கிறது' என்று ஒரு வரி. அதை வகுப்பில் வாசித்தபோது கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். அவர் வழக்கம்போல வலது கையை வாயருகே வைத்தபடி கேட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா பாவம்மா அவங்க," என்றார். யார் பாவம் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கீழுதட்டின் இடது ஓரத்தில் வெண்புள்ளி இருந்தது. சிட்லபாக்கம் வீடுகளில் போர்வெல் மோட்டார் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. புதிய வீட்டில் தண்ணீர் கொடுத்தால் தம்ளரைத் தூக்கித்தான் குடிப்பார். கேமரா என்றால் கை தானாக மேலே போய்விடும். ஊர் முழுக்க முகக்கவசத்தைத் திட்டிய காலத்தில் அப்பா ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். எல்லோரும் கழற்றிய பிறகும் ஒரு வருடம் போட்டிருந்தார். தினமும் காலையில் அம்மா கார்போகரிசி எண்ணெயை விரலில் தொட்டு அந்த இடத்தில் தடவுவாள். பிறகு இருவரும் மொட்டை மாடியில் இளவெயிலில் நிற்பார்கள். புள்ளி குறையவில்லை. அவர்கள் நிற்பதும் நிற்கவில்லை.

போன மார்கழியில் ஒரு புதன்கிழமை காலை. வேலைக்குப் போன வீட்டில், மோட்டாரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தாராம். அப்படியே சாய்ந்துவிட்டார்.

மதியத்துக்குள் போஸ்டர் வேண்டும் என்று சித்தப்பா பரபரத்தார். "நானே செய்றேன்," என்றேன். யாருடைய சட்டையையும் அப்பாவுக்கு மாட்டவிட மாட்டேன் என்று ஒரு வேகம். கை மறைக்காத படம் ஒன்றே ஒன்று இருந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரை நான் கூப்பிட்டு, திரும்பிய நொடியில் எடுத்தது. நீலக் கட்டம் போட்ட அவருடைய சட்டையை அப்படியே விட்டேன். முகத்தின் நிறத்தைத் தொடவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. கடைசியாக உதட்டோரத்துக்கு வந்தேன். வாழ்நாளெல்லாம் மறைத்தாரே, தெருச்சுவரில் எல்லோரும் பார்க்க அதை எப்படி விடுவது? பக்கத்துத் தோலை எடுத்து அந்த இடத்தில் ஒற்றினேன். இரண்டு நிமிட வேலை. அதே கோப்பின் மேலேயே சேமித்துக் கடைக்கு அனுப்பினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தோம். மாலை போட்டாயிற்று. சந்தனக் கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்தார்கள். அம்மா படத்தைப் பார்த்தாள். குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு மறுபடி விரலைத் தொட்டு, உதட்டின் இடது ஓரத்தில், எண்ணெய் தடவுகிற அதே நிதானத்தில், இன்னொன்று வைத்தாள்.

"அண்ணி, அங்க எதுக்கு?" என்றார் சித்தப்பா.

அம்மா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். "ஏன்டி, அந்த எடத்த என்ன பண்ண?"

"அப்பாவுக்குப் பிடிக்காதுன்னு..."

"அவருக்குப் பிடிக்காது. எனக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை. சமையலறைக்குப் போய் வடைக்கு மாவு போதுமா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பழைய படத்தைத் தேடினேன். போனில் இல்லை. இடம் போதவில்லை என்று லேப்டாப்புக்கு மாற்றியவுடன் அழித்திருந்தேன். லேப்டாப்பில் இருந்தது நான் திருத்தியது. கடைக்கு ஓடினேன்.

"நீ அனுப்பினதுதான் என்கிட்ட கீது," என்றார் கடைக்காரர். படத்தைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நான் செஞ்சா தப்பு, நீ செஞ்சா படிப்பா பாப்பா?" அதைக் கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை லேப்டாப் முன் உட்காரவைத்து, வெள்ளையைத் திரும்ப வரைய முயன்றேன். "புளியங்கொட்டை அளவு," என்றாள். வரைந்தேன். "இன்னும் கீழ." நகர்த்தினேன். "கீழ்ப்பக்கம் லேசா ரோஸா இருக்கும்டி." நிறத்தை மாற்றினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நீ வச்சது," என்று எழுந்து போனாள். அந்தச் சட்டம் இப்போது சுவரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா பழைய பொட்டுகளைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கிறாள். இரண்டு.

இறுதியாண்டுக்கு என்ன செய்யப்போகிறாய் என்று துறையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போஸ்டர்களையே தொடரச் சொல்கிறார்கள். அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தால் என் வரிகள் எல்லாம் எனக்கே எதிராக நிற்கின்றன. அந்தக் குடும்பங்களிடம் போய், படத்தில் எதை எடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு முன் எங்கள் வீட்டுப் படத்தை முடிக்க வேண்டும்.

நேற்று ஒன்று தோன்றியது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பந்தியை விடவே மாட்டார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு இலை இலையாக வருவார்கள். மூன்று வருடத்துக்கு முன் அத்தை மகள் கல்யாணத்தில் அப்பா பந்தியில் உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் நான். சாப்பிடுகிற கையால் வாயை மறைக்க முடியாது. கேமரா வந்ததும் இலைக்குள் குனிந்துகொண்டார். நான் சிரித்தேன்.

அந்த வீடியோ பென் டிரைவில் இருக்கிறது என்று அத்தை சொன்னார். சனிக்கிழமை போய் வாங்கி வரப்போகிறேன். பந்தி முழுவதையும் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கேமரா போய்விட்டது என்று நினைத்து, அடுத்த வாய்க்கு முன் அப்பா ஒரு தடவையாவது நிமிர்ந்திருப்பார்.