ஆயுத பூஜையன்று எண்ணிய தலைகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடிப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றை பஸ் நிலையத்தோடு இணைத்துப் புதிதாகக் கட்டினார்கள். வரைபடம் போட்டவன் நான். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் மேம்பாலம் ஏறி, ஒரே வாசல் வழியாக பஸ்ஸுக்குப் போக வேண்டும். பிளாட்பாரக் கோடியில் சரிவாக இறங்கும் பக்கவழியைச் சுவர் வைத்து மூடச் சொன்னேன். அங்கே ஆள் நடமாட்டம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

நான் எண்ணிப் பார்த்தது உண்மை. சேக்காட்டிலிருந்த என் வீட்டிலிருந்து, லீவு நாளில் நிதானமாக எண்ணலாம் என்று போனேன். அன்று ஆயுத பூஜை. பக்கவழியை ஒட்டிய தொழிற்சாலையில் முந்தின நாளே மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரிப் பொட்டலத்தோடு தொழிலாளர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

சுவர் இடுப்பளவு எழும்பியபோது மேற்பார்வைக்குப் போனேன். போலியோவில் கால் போன ஒரு லேத் தொழிலாளி, ஊன்றுகட்டைகளைச் சாத்திவிட்டு, செங்கல் வரிசைமேல் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரி அண்ணாத்தே, கலவை இறுகுது," என்று கொத்தனார் கெஞ்சினார்.

"இறுகட்டும். நா இங்கதான் கீறேன். என்னியும் சேத்துப் பூசிக்கினு போ."

என்னைப் பார்த்ததும் அவர் திரும்பினார். "சார், நீதான் படம் போட்டியா? அந்தப் பாலத்துல எத்தினி படி?"

எனக்குத் தெரியும். கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினேன்.

"இந்தப் பக்கம் ஆளே வர்லன்னியாமே?"

"எண்ணித்தான் எழுதினேன்."

"அப்ப இன்னொரு தபா எண்ணு. என்னிலேர்ந்து ஆரம்பி. ஒண்ணு!"

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்த கூட்டம் டிபன் தூக்குகளோடு வந்து, சுவரைத் தாண்டியது.

"ரெண்டு!"

"மூணு! எங்க மாமன் குண்டு, அவன ரெண்டா எழுதிக்க சார்!"

சிரிப்பு என் பின்னாலேயே வந்தது. மறுநாள் அதிகாரி, "கணக்கு சரிதானே?" என்று கேட்டார். எண்ணிய நாள் எது என்று சொல்லியிருந்தால் போதும், பக்கவழி பிழைத்திருக்கும். "சரிதான் சார்," என்றேன்.

சுவர் எழும்பியது. ஒரே வாரத்தில் அதில் ஓட்டை விழுந்தது. அடைத்தோம், உடைத்தார்கள். மறுபடி அடைத்தோம், மறுபடி உடைத்தார்கள். பிறகு அடைக்க யாரும் வரவில்லை.

ஒரு மாலை, முதலில் ஒரு கட்டை, அப்புறம் தோள் என்று அந்த ஓட்டை வழியாக அவர் வெளியே வந்தார். ஓரமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு," என்றார். நிற்கவில்லை.