பலங்கா மக்கள் ஒன்றியம்

லண்டன் சவுத்தாலில் ஹோட்டல் விரிப்புகள் தோய்க்கும் லோண்டரி ஒன்றில் நவரத்தினம் அண்ணைக்கு மடிப்பு வேலை. ஆனால், தான் ஒரு ஊர்ச்சங்கச் செயலாளர் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கலைவிழாவில் குத்துவிளக்கை யார் ஏற்றுவது என்ற சண்டையில் சங்கம் இரண்டாகப் பிளந்தது. இரண்டு பக்கமும் அவரை மற்றப் பக்கத்து ஆள் என்று நம்பின. ஆகவே 2005இல் அவருக்கு ஊர் இருந்தது, சங்கம் இல்லை.

“மனுசன் கூட்டமில்லாமல் வாடிப்போச்சு. கறி வைக்கவும் தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுறார்” என்றார் மனைவி யோகமலர் அக்கா.

அப்போதுதான் கோரான், ட்ராகிட்சா, லூப்சோ என்று மூன்று பேர் வேலைக்கு வந்தார்கள். யாரைக் கண்டாலும் அண்ணை முதலில் கேட்பது ஊரைத்தான். மூவரும் தனித்தனியே “பலங்கா” என்றார்கள்.

“ஒரு ஊர்ச்சனம் மூண்டு பேர், சங்கமில்லாமல் இருக்குதுகள்! அடுக்குமோ?” என்று அண்ணை பதறினார்.

ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் ஈலிங்கில் அவர் வீட்டில் தொடக்கக் கூட்டம். டீவிக்கு மேலே ‘பலங்கா மக்கள் ஒன்றியம்’ என்று பதாகை. அதே லோண்டரியில் வேலை செய்யும் நான் தேநீர் ஊற்றப் போயிருந்தேன்.

அண்ணை ஊரின் பெருமையைச் சொல்லும்படி கேட்டார். கோரானின் பலங்கா செர்பியாவில், டான்யூப் ஆற்றங்கரையில். ட்ராகிட்சாவின் பலங்காவும் செர்பியாதான், ஆனால் பல்கேரியா எல்லைப் பக்கம். லூப்சோவின் பலங்கா மசிடோனியாவில். துருக்கியர் ஆண்ட காலத்தில் மரக் கம்பங்களை நட்டுக் கட்டிய சிறு கோட்டைக்குப் பலங்கா என்று பெயராம். கோட்டை இருந்த பல இடங்களுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மூவருக்கும் இது முன்பே தெரியும். கூட்டத்தில் மட்டன் ரோல்ஸ் உண்டு என்று அண்ணை சொல்லியிருந்ததால் யாரும் அதை முன்பே சொல்லவில்லை.

அண்ணை ரோல்ஸ் தட்டோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

“இஞ்சேருங்கோ, ஒரு ஊரையே உங்களால ஒண்டா வைச்சிருக்க ஏலேல்லை. இது மூண்டு. விடுங்கோவன்” என்றார் அக்கா.

அதற்குள் எது உண்மையான பலங்கா என்று வாக்குவாதம் கிளம்பிவிட்டது. தன் ஊரில் டான்யூப் ஓடுகிறது என்றான் கோரான். இஸ்தான்புல் போகும் பெருவழி தன் ஊரால்தான் போனது என்றாள் ட்ராகிட்சா.

“எங்கட பக்கம் மலை, காவல் வேணும்” என்று தன் ஆங்கிலத்தில் கோரானிடம் சொன்னான் லூப்சோ. “உன்ர ஊர் வெறும் வயல். கோட்டை கட்டி எதைக் காத்தவங்கள், உருளைக்கிழங்கையோ?”

கோரான் மேசையில் அடித்தான். அண்ணை நிமிர்ந்தார். இந்தச் சண்டை அவருக்கு நன்றாகப் பழக்கமானது.

“ஓடர்! ஓடர்!” என்று எழுந்தார். “ஒவ்வொருத்தராக் கதையுங்கோ. முதல்ல தலைவர் தெரிவு.”

கோரான் தன் பெயரைச் சொன்னான். மற்ற இருவரும் எதிர்த்தார்கள். லூப்சோ என்றபோது செர்பியா முழுவதும் எதிர்த்தது. கடைசியில் ட்ராகிட்சா அண்ணையைக் காட்டினாள். இவர் எந்தப் பலங்காவும் இல்லை, இவரே இருக்கட்டும் என்றாள். மூன்று கையும் உயர்ந்தன.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாகப் போய் வாசல் கதவைப் பூட்டினார்.

“ஏனப்பா பூட்டுறியள்?” என்றார் அக்கா.

“செயலாளர் தெரிவு இனித்தானே இருக்கு” என்றார் அண்ணை.