ஆசிட் இல்லை, காரம்

தொண்ணூற்றெட்டில் எங்கள் மர்பி டவுன் வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க, நான் வேலை செய்த முலாம் பட்டறையிலிருந்து காஸ்டிக் சோடா கொண்டுவந்தேன். பத்தாவது படித்த மகளிடம், "இது ஆசிட்டாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, காரம். தண்ணில ஹைட்ரஜன் அயனி விட்டா ஆசிட்டு, ஹைட்ராக்சைடு விட்டா காரம். ஆனா இதுவும்..."

"காரமா? அப்போ கொழம்புல போடலாம்" என்று சிரித்தேன். மனைவியிடம், "ஆசிட் இல்லடி, பயப்படாம ஊத்து" என்றேன்.

அவள் அதைச் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் சோடா பொங்கிக் கண்ணில் தெறித்தது. ஒரு கண் போய்விட்டது.

"நான்தானேப்பா ஆசிட் இல்லன்னு சொன்னேன்?" என்று ஆஸ்பத்திரியில் மகள் அழுதாள்.

மீதியைச் சொல்லவிடாமல் சிரித்தவன் நான். அதை அவளிடம் சொல்லாமல் மருந்து வாங்கப் போனேன். அதற்குப் பிறகு அவள் வீட்டில் சத்தமாகப் படிக்கவே இல்லை.

இப்போதுதான் எழுதுகிறேன். தப்பு உன்மேல் இல்லையம்மா.