வலிப்பு வரட்டும் என்று ஜெபித்தோம்

எங்கள் வீட்டு பாத்ரூம் கதவில் நாலு வருடம் தாழ்ப்பாள் இல்லை. கழற்றியவர் என் கணவர். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் அவர். ஒருநாள் நான் உள்ளே தாழிட்டுக்கொண்டு வலிப்பில் விழுந்துவிட்டேன். கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். அதற்குப் பிறகு நான் குளிக்கும்போதெல்லாம் என் மகள் பிரின்சி வெளியே காவல் நிற்பாள். அப்போது அவள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. "அம்மா, பாடிக்கிட்டே இரு" என்பாள். பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். பாட்டு நின்றால் அவள் கதவைத் திறந்துவிடுவாள்.

சபையாரே, என் பெயர் ஸ்டெல்லா. மாடம்பாக்கத்தில் இருக்கிறோம். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வலிப்பு வருவதற்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ தொண்டைக்கு ஏறும். ரப்பர் எரிகிற வாடை வரும். அதோடு எனக்கு நினைவு போய்விடும். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், நிற்கவில்லை. தோசைக்கல்லில் விழுந்த கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. என்னை எடுத்துக்கொள்ளும் என்றுகூட ஆண்டவரிடம் கேட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

2007இல், ஆபரேஷன் செய்தால் நிற்கலாம் என்றார் டாக்டர் அம்மா. ஆனால் வலிப்பு மூளையின் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இரண்டு பக்கமும் சந்தேகமாக இருந்தது. பக்கம் தெரியாமல் கத்தி வைக்க முடியாது. மீதி இருந்தது ஒரே வழி. வார்டில் சேர்த்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும்வரை காத்திருப்பார்கள். தொடங்கிய உடனே நரம்பில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். வலிப்பு தொடங்கும் இடத்துக்கு ரத்தம் அதிகமாகப் பாயும், மருந்தும் அங்கே போய்த் தங்கும். பிறகு ஸ்கேன் எடுத்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். காலையில் வரும் மருந்து சாயங்காலத்துக்கு மேல் உதவாது.

இதெல்லாம் எங்கள் ஜெபக்குழுவுக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டதும், குழுத்தலைவி எஸ்தர் அக்கா சங்கிலி ஜெபம் ஆரம்பித்துவிட்டார். ஆள் மாற்றி ஆள், உபவாசத்தோடு. என்ன ஜெபம்? ஸ்டெல்லாவுக்கு வலிப்பு வரவே கூடாது!

வரவில்லை. அடுப்படியிலும் பஸ் படியிலும் அழையாமல் வந்தது, தலையெல்லாம் வயரை ஒட்டிக்கொண்டு காத்துக் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆனால் நர்ஸ் மருந்தைத் திரும்ப எடுத்துப் போவார். "நாளைக்கும் வரலேன்னா டிஸ்சார்ஜ் பண்ண வேண்டியதுதாம்மா. பெட்டுக்கு ஆளுங்க காத்திருக்காங்க" என்றார் டாக்டர் அம்மா. எனக்கு அந்தத் தாழ்ப்பாள் இல்லாத கதவுதான் கண்முன் வந்தது.

அன்று எஸ்தர் அக்கா ஜெப எண்ணெயோடு வந்தார். "பாத்தியா, ஜெபத்துக்கு பதிலு! ஒரு தபாகூட வர்ல" என்றார், முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு வந்த கோபம்! "போதும்க்கா. வரட்டும்னு ஜெபம் பண்ணுங்க. வந்தாத்தான் எந்தப் பக்கம்னு தெரியும். தெரிஞ்சாத்தான் ஆபரேஷன்."

"இன்னாடி பேசற நீ? நோவு வரணும்னு எப்டி கேப்பேன்? வாய் வராதும்மா எனக்கு."

"பிரின்சி இன்னும் எத்தன வருஷம்க்கா பாத்ரூம் வாசல்ல நிக்கணும்?"

அக்கா எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். பிறகு என் தலையில் கை வைக்க இடம் தேடினார். எங்கும் வயர். கடைசியில் என் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். "ஆண்டவரே... வரட்டும்ப்பா. வந்து, எந்தப் பக்கம்னு காட்டுங்கப்பா" என்றார். அதற்கு மேல் அழுகைதான். நானும் அழுதேன்.

மறுநாள் மருந்து வந்து கொஞ்ச நேரத்தில் ரப்பர் வாடை அடித்தது. மணியை அழுத்தினேன். "சிஸ்டர், வருது! வருது!" என்று கத்தினேனாம், சொந்தக்காரர் வந்ததுபோல. கண் விழித்தபோது என் கணவர் பக்கத்தில் இருந்தார். நர்ஸ் ஓடி வந்து உடனே மருந்தை ஏற்றியதாகச் சொன்னார்.

ஸ்கேன் படத்தில் வலப்பக்கம் மட்டும் ஓரிடம் பிரகாசமாக இருந்தது. "ரைட் சைடுதாம்மா. மத்த டெஸ்டும் இதுக்கு ஒத்துப் போகுது" என்றார் டாக்டர் அம்மா. ஸ்தோத்திரம் என்றேன்.

ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை என்றால் அது பொய். ஆனாலும் போனேன், வலப்பக்கத்தில் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். தெருவில் யாராவது டயர் எரித்தால் இப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

வியாதியில் இருக்கிறவர்களே, எடுத்துப் போடும் என்று மட்டும் ஆண்டவரிடம் கேட்காதீர்கள். காட்டும் என்றும் கேளுங்கள். காட்டும்போது வலிக்கும். அப்போதும் அவர் கையை விட்டுவிடாதீர்கள். டாக்டரிடமும் போங்கள்.

ஆபரேஷன் முடிந்த மறு வருடம், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் என் கணவர் புதுத் தாழ்ப்பாளை முடுக்கினார். "போய்ப் போட்டுப் பாரு" என்றார். உள்ளே போய்த் தாழிட்டேன். பழக்கத்தில் பாட்டு தானாக வந்தது. நடுவிலேயே நிறுத்தினேன். காத்திருந்தேன். கதவை யாரும் தள்ளவில்லை. தெருவில் பிரின்சி விளையாடுகிற சத்தம் கேட்டது.